43 இன்ச்சில் இரண்டு பட்ஜெட் டிவி: சீரியல் வீட்டுக்கு எது, ஓடிடி வீட்டுக்கு எது?

கையில் இருபதிலிருந்து இருபத்தைந்தாயிரம் வைத்துக்கொண்டு சேலம் ஐந்து ரோடு பக்கம் எந்த டிவி கடைக்குள் போனாலும், அங்கே இங்கே சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் இரண்டு டிவிக்கு முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இரண்டும் 43 இன்ச், அட்டைப் பெட்டியில் 108 செ.மீ. என்று போட்டிருக்கும். ஒன்று ஃபுல் எச்டி, இன்னொன்று 4கே. நடுவில் மூவாயிரமோ நாலாயிரமோ வித்தியாசம். "அண்ணா, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டா ஃபோர்கேவே எடுத்துடலாம்" என்று கடைப் பையன் சொன்னதும் நமக்கும் சரிதானே என்று தோன்றும். சில வீட்டுக்கு அது சரிதான். சில வீட்டுக்கு அந்த நாலாயிரம் வேறு இடத்தில் போக வேண்டிய பணம்.

இந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் இரண்டு வீட்டுக்கு டிவி பார்த்துத் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ஒன்று அம்மாபேட்டையில் பெரியம்மா வீடு. காலையில் போட்டால் ராத்திரி சாப்பாடு முடியும் வரை ஓடும், எல்லாம் கேபிள் சேனல்தான், சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி சத்தம் வேறு. இன்னொன்று ஏற்காட்டில் தம்பி குடியிருக்கும் சின்ன வீடு. அங்கே கேபிளே கிடையாது, பகலில் லேப்டாப்பை மாட்டி வேலை பார்ப்பான், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஓடிடியில் படம். பட்ஜெட் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியம்மாவுக்கு ஃபுல் எச்டி எடுத்தோம், தம்பிக்கு 4கே.

முதலில் சைஸ் பிரச்சினையை முடித்துவிடுகிறேன். 32 போதுமா 43 வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு, 2025 செப்டம்பர் 22-லிருந்து 32 இன்ச்சுக்கு மேல் உள்ள டிவிக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதாவது சின்ன டிவிக்கும் பெரிய டிவிக்கும் இப்போது வரி ஒன்றே. சுவரில் ஒரு மீட்டர் அகலத்துக்கு இடம் இருந்தால் 43 எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரூமுக்கும் கடைக்கும் என்றால் 32 தாராளம்.

இனிதான் விஷயம். டிவியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, உங்கள் வீட்டு டிவிக்குள் என்ன வந்து சேர்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாதாரண கேபிள் பாக்ஸில் வரும் எஸ்டி சேனல் 720-க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம். ஃபுல் எச்டி திரையில் இருபது லட்சத்துச் சொச்சம், 4கே திரையில் 83 லட்சம் பக்கம். அப்படியென்றால் எஸ்டி சேனலின் ஒரு புள்ளியை ஃபுல் எச்டி டிவி ஐந்தாக்கிக் காட்டினால் போதும், 4கே டிவி இருபதாக்கிக் காட்ட வேண்டும். இல்லாத பத்தொன்பது புள்ளியை அது எங்கிருந்து கொண்டுவரும்? பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும். விலை உயர்ந்த டிவியில் இதைச் செய்யும் சிப் கெட்டிக்காரத்தனமாக இருக்கும், இந்த விலையில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் வழவழவென்று தெரிவது, கீழே ஓடும் நியூஸ் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல ஒரு கலங்கல், இதெல்லாம் அதனால்தான். 4கே என்பதாலேயே கேபிள் படம் மோசமாகிவிடும் என்று சொல்லவில்லை. கேபிள் மட்டுமே பார்க்கிற வீட்டில் 4கே-க்குக் கொடுத்த காசு திரையில் எங்கேயும் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே சீரியல் வீட்டுக்கு முதல் செலவு டிவி இல்லை, செட்டாப் பாக்ஸ். கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் இருக்கிறதா, நீங்கள் தினமும் பார்க்கிற சேனல் அதில் எச்டியில் வருகிறதா என்று கேளுங்கள். நம் ஊர் எச்டி சேனல்கள் 1920-க்கு 1080 அளவில்தான் வருகின்றன, அது ஃபுல் எச்டி டிவியின் புள்ளிக் கணக்கோடு பொருந்திவிடும், எஸ்டி அளவுக்கு ஊகம் தேவைப்படாது. இன்னொன்று, பாக்ஸை மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரில் மாட்டாதீர்கள். அந்த மஞ்சள் ஒயரில் எஸ்டி படம் மட்டும்தான் போகும், அதுவும் கலர் கசிந்து. எத்தனையோ வீட்டில் எச்டி பாக்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே மஞ்சள் ஒயரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எச்டிஎம்ஐ ஒயர் ஒன்று வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. முகங்கள் அகலமாக, எல்லாரும் சதை போட்டாற்போல் தெரிந்தால் அது டிவி கோளாறு இல்லை, பாக்ஸ் செட்டிங்கிலோ டிவி செட்டிங்கிலோ பழைய டிவி அகலத்துக்கான 4:3 படத்தை இழுத்து இப்போதைய அகலத் திரைக்கான 16:9 ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது தூரம். சுவரிலிருந்து உட்காரும் இடம் வரை ஒரு டேப் பிடித்துப் பாருங்கள். நல்ல கண்பார்வை உள்ளவருக்கும் 43 இன்ச் ஃபுல் எச்டியின் புள்ளிகள் ஏறக்குறைய ஐந்தரை அடிக்கு உள்ளே போனால்தான் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். பெரியம்மா வீட்டு ஹாலில் சோபா எட்டு ஒன்பது அடி தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், கண்ணாடி போட்ட பெரியப்பாவுக்கு இன்னும் கஷ்டம். தம்பி வீட்டிலோ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தால் திரை ஐந்தடிதான். அவன் வரிசையில் முதலில் 4கே நின்றதற்கு இது ஒரு காரணம். லேப்டாப்பை மாட்டி எக்ஸெல் ஷீட் பார்க்கிறவனுக்கு எழுத்து நறுக்கென்று தெரிய வேண்டும் என்பது இன்னொரு காரணம், அந்த விஷயத்தில் 4கே-யின் லாபம் முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

கடையில் யாரும் வாயே திறக்காத விஷயம் பேனல், அதாவது படம் தெரிகிற அந்தத் திரை எந்த வகை என்பது. விலை குறைந்த டிவிகளில் பெரும்பாலும் இரண்டு ஜாதி: ஐபிஎஸ் (ஏடிஎஸ் என்பதும் கிட்டத்தட்ட அதே வகைதான்), இன்னொன்று விஏ. ஐபிஎஸ்ஸில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் கலர் மாறாது, ஆனால் கறுப்பு சுத்தக் கறுப்பாக இருக்காது, இருட்டறையில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். விஏ நேர் எதிரானது. வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1 பக்கம் என்றால் விஏவில் 3000-க்கும் மேலே போகும், இரவுக் காட்சி ஆழமாக இருக்கும், ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு முகமெல்லாம் வெளுத்துப்போகும்.

பெரியம்மா வீட்டில் யாரும் நேராக உட்கார்ந்து டிவி பார்ப்பதில்லை. பெரியப்பா திண்ணைப் பக்கம் நாற்காலியில், பெரியம்மா அடுப்படி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, பக்கத்து வீட்டு அக்கா வந்தால் தரையில், பேரப் பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும். அந்த வீட்டுக்கு விஏ பேனல் வாங்கிப் போட்டால் நடுவில் இருக்கிற ஒரு ஆளுக்கு மட்டும் நல்ல படம். தம்பி தனி ஆள், திரைக்கு நேரே கட்டில், ராத்திரியில் விளக்கு இல்லை. அவனுக்கு விஏதான் பொருத்தம்.

இந்த விவரம் பெட்டியில் எழுதியிருக்காது, கடைக்காரருக்கும் தெரியாது, ஒரே மாடலில் கூட வேறு வேறு பேனல் போட்டு வருவதுண்டு. அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மனித முகம் வருகிற ஏதாவது ஒரு காட்சியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். நேரே நின்று பார்த்துவிட்டு, டிவியின் பக்கவாட்டுக்கு நடந்து போய்க் கிட்டத்தட்ட அறுபது டிகிரி கோணத்தில் நின்று பாருங்கள். தோல் கலர் அப்படியே இருக்கிறதா, வெளுத்துப் பால் கலந்தாற்போல் ஆகிறதா? அதோடு இன்னொரு காரியம்: ரிமோட்டை வாங்கி படத்தை விவிட் மோடிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள். கடையில் எல்லா டிவியையும் கண்ணைப் பறிக்கும் டெமோ மோடில், அதற்கென்றே எடுத்த கிளி, பழம், அருவி வீடியோவில்தான் ஓட விட்டிருப்பார்கள். அந்தக் கிளியை நம்பி டிவி வாங்கக் கூடாது. உங்கள் பென் டிரைவில் நீங்கள் பார்க்கிற மாதிரியான ஒரு படத்தின் இருட்டுக் காட்சி ஒன்று, கிரிக்கெட் துண்டு ஒன்று, சீரியல் துண்டு ஒன்று போட்டு எடுத்துப் போங்கள். சேலம் கடைகளில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை, கூட்டமில்லாத வார நாளில், மதியம் மூன்று மணி வாக்கில் போனால் உட்கார வைத்தே காட்டுவார்கள். ஆடித் தள்ளுபடியில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு இதெல்லாம் நடக்காது.

கிரிக்கெட் பற்றி ஒரு வரி. 120, 240 என்று மோஷன் ரேட் எழுதியிருந்தாலும் இந்த விலையில் பேனல் பொதுவாக 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தடவைதான் படம் மாறும். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டால் இரண்டு டிவியிலும் பந்துக்குக் கொஞ்சம் வால் முளைக்கத்தான் செய்யும். அந்தக் காரணத்துக்காக ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம். வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவாகக் காட்டும் என்கிற எச்டிஆர் முத்திரையும் அப்படித்தான். அதன் லாபம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் திரையில் நல்ல வெளிச்சம் வேண்டும், பட்ஜெட் டிவிகள் பெரும்பாலும் 250, 300 நிட்ஸோடு (திரை வெளிச்சத்தின் அளவு) நின்றுவிடும். எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்ட முடியாது. கியூஎல்இடி என்று எழுதியிருந்தால் கலர் கொஞ்சம் செழிப்பாக இருக்கும், கறுப்பு ஆழமாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வெளிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது, நம் ஊர் வீடுகளில் வாசல் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் டிவியை மாட்டினால் எந்தப் பேனலாக இருந்தாலும் தெருதான் தெரியும். பக்கச் சுவரில் மாட்டுங்கள். திரை கண்ணாடி மாதிரி மின்னுகிறதா, கொஞ்சம் மங்கலான பூச்சாக இருக்கிறதா என்றும் கடையிலேயே டிவியை அணைக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம். பகல் வீட்டுக்கு மங்கல் பூச்சு.

சத்தத்துக்கு வருவோம். அம்மாபேட்டைக்கு இதுதான் முக்கியம் என்று நான் நினைத்தேன், படத்தை விடவும். தறி ஓடும் தெருவில் 20 வாட் ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தால் சத்தம் வரும், பேச்சு புரியாது. வாட் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். நியூஸ் வாசிக்கும் சேனலைப் போட்டு வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்து, பத்தடி தள்ளி நின்று ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறதா என்று கேளுங்கள். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும், சுவரில் உயரமாக மாட்டினால் சத்தம் தரைக்குப் போய்த் திரும்பி வரும், அதனால் டிவியைக் கண் மட்டத்துக்குக் கிட்டவே வையுங்கள். அதுவும் பற்றாவிட்டால் சவுண்டு பார். 4கே எடுக்காமல் மிச்சம் பிடித்த அந்த நாலாயிரத்தைப் பெரியம்மா வீட்டில் நாங்கள் போட்டது இதில்தான். டிவியின் பின்னால் ஒரு எச்டிஎம்ஐ துளையில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அதில் மாட்டினால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மூன்றாவது ரிமோட் ஒன்று அந்த வீட்டுக்குள் போனால் எனக்குத்தான் போன் வரும்.

ரிமோட் விஷயத்தில் இன்னொன்று. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஸ்மார்ட் டிவி போட்டதும் ஏதேதோ ஆப் படம் வந்து நிற்கும், சேனலுக்குப் போகத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பவர் போட்டதும் நேராக கேபிள் பாக்ஸ் இருக்கும் எச்டிஎம்ஐக்குப் போகிற மாதிரி ஒரு செட்டிங் பல டிவிகளில் உண்டு. நீங்கள் எடுக்கப் போகும் மாடலில் அது இருக்கிறதா என்று கடையிலேயே செட்டிங்குக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள். இது இல்லாத டிவியைப் பெரியவர்களுக்கு நான் எடுக்கவே மாட்டேன்.

இப்போது ஓடிடி வீடு. 4கே டிவி வாங்கினால் 4கே படம் தானாக வந்துவிடாது. நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ் வேகம், ஃபுல் எச்டிக்கு 5 போதும். அதோடு அவர்களுடைய மேல்தட்டு பிளான் எடுத்தால்தான் 4கே, அடியில் இருக்கும் மொபைல் பிளான் டிவியில் ஓடவே ஓடாது. ஒரு மணி நேர 4கே-க்கு 7 ஜிபி வரை இழுக்கும். மலையில் பல இடத்தில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் டிவி ஓடுகிறது. தினம் 2 ஜிபி பேக்கில் 4கே போட்டால் பெயர் ஓடி முடிந்து முதல் சண்டை வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். தம்பி வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது, அதனால்தான் 4கே. ஃபைபர் இல்லாமல், ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் எஸ்டேட் வீட்டுக்கு என்னைக் கேட்டால் ஃபுல் எச்டியே போதும் என்பேன். ஃபைபர் இருந்தாலும் ரூட்டரை டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள், முடிந்தால் லேன் ஒயரே இழுத்துவிடுங்கள். ஏற்காட்டுப் பழைய வீடுகளின் கல் சுவரைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை களைத்துப்போகும்.

ஆப் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓட 2 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. 1 ஜிபி இருக்கிற டிவி புதிதில் ஓடும், இரண்டு மூன்று வருஷத்தில் ஆப்கள் பருத்ததும் திணறும். கடையில் ஹோம் பட்டனை அமுக்கி, யூடியூபைத் திறந்து, மறுபடி ஹோம் வந்து, வேறு ஆப் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அமுக்குக்கும் காத்திருக்க வேண்டியிருந்தால் அதை ஒதுக்குங்கள். ஆனால் பேனல் நன்றாக இருந்து ஸ்மார்ட் பகுதி மட்டும் மந்தம் என்றால் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை, சில ஆயிரத்தில் ஆப்களை ஓட்டுகிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐ துளையில் சொருகினால் அந்தப் பகுதி புதுசாகிவிடும். பேனலையும் ஸ்பீக்கரையும் அப்படி மாற்ற முடியாது. பேரம் என்று வந்தால் ரேமை விட்டுக்கொடுங்கள், பேனலை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை தனி. டிவிப் பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் பெட்டி நிமிர்ந்தே இருக்க வேண்டும், பின் சீட்டில் சாய்த்துக் கட்டி, யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். வீட்டில் பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், விரிசல் விட்ட திரைக்கு வாரண்டி கிடையாது, வரும்போதே அப்படி இருந்தது என்று நிரூபிக்க அந்த வீடியோ ஒன்றுதான் கையில் இருக்கும். சுவர் பனியில் வேர்க்கிற வீடாக இருந்தால் டிவியைச் சுவரோடு ஒட்ட மாட்டாமல் ஸ்டாண்டில் ஒரு சாண் தள்ளி வையுங்கள். சர்வீஸ்காரர் மலைக்கு மேலே வருவாரா, வருவதற்குத் தனியாகக் காசு கேட்பார்களா என்று வாங்கும் முன்பே அந்தக் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் "வருவாங்க சார்" என்று சொல்வது கணக்கில் சேராது.

இடி மின்னல் மலைக்கு மட்டும் இல்லை, கீழேயும்தான். கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வானம் உறுமினால் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் ஒயரையும் லேன் ஒயரையும் சேர்த்து. மின்னல் அந்த ஒயர் வழியாகத்தான் பாக்ஸுக்குள் புகுந்து எச்டிஎம்ஐ துளையைச் சுட்டுவிட்டுப் போகும். ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். டிவியின் பின்புற ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் லோ வோல்டேஜுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கிற நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்குங்கள்.

ஒரே வீட்டில் சீரியலும் ஓடிடியும் இரண்டும் உண்டு என்றால்? யார் எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பகல் முழுக்கக் கேபிள், ராத்திரி ஒரு மணி நேரம் பையன் ஓடிடி பார்க்கிறான் என்றால் ஃபுல் எச்டி, பக்கவாட்டில் நிறம் மாறாத பேனல், எச்டி பாக்ஸ், மிச்சத்தில் சவுண்டு பார். கேபிள் பாக்ஸ் ரீசார்ஜ் ஆகாமல் தூங்குகிறது, வீட்டில் எல்லாரும் யூடியூபும் ஓடிடியும்தான், ஃபைபரும் இருக்கிறது என்றால் 4கே. அப்படி எடுக்கும் 4கே-யிலும் பேனலைப் பக்கவாட்டில் நின்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து மாட்டியதும் ஹோம் மோட், ஷார்ப்னஸைப் பாதிக்குக் கீழே, மோஷன் ஸ்மூத்திங்கை ஆஃப், கேபிள் படத்துக்கு மட்டும் நாய்ஸ் ரிடக்‌ஷன் நடுவில். பில்லில் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாரண்டி கேட்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.